முப்பத்தாறா, முப்பத்தேழா

கையுறையைக் கழற்றும்போதுதான் அது கீழே விழுந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் துணி, மடிப்புக் கலையாமல்.

கண்ணாடிக்காரர் குனிந்து எடுத்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். ஸ்பிரிட் வாடை இல்லை. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கறை இல்லை, கசங்கல் இல்லை. எதையும் துடைக்காத துணி. ஒரு கால் வெள்ளை உடுப்புக்குள்ளும் மறு கால் வெளியிலுமாக, உடை மாற்றும் அறையின் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவர் வேலை துடைப்பது. முப்பத்தாறு கண்ணாடி, முப்பத்தாறு துணி. ஒரு கண்ணாடிக்கு ஒரு துணி, ஒரே இழுப்பு, துணியைக் கூடையில் போட்டு மூட வேண்டும். மறுபடி அதே துணியால் தொட்டால் எடுத்த அழுக்கைத் திரும்பப் பூசியதாகிவிடும். இன்றைக்கும் காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து, தட்டில் எண்ணி வைத்திருந்த துணி எல்லாம் தீர்ந்து, கண்ணாடி எல்லாம் தீர்ந்து, பதினோரு மணிக்கு வெளியே வந்தார். தோள்பட்டை கழன்று விழுவது போல் இருந்தது. மற்றபடி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இது எங்கிருந்து வந்தது?

எங்கிருந்து வந்தது என்பது தெரியாமல் இல்லை. பத்து வருஷம் உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கி ஜன்னல் துடைத்தவர் அவர். ஒரு கை கயிற்றில், ஒரு கை கண்ணாடியில். அடுத்த துணியைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? கையுறையின் மணிக்கட்டு விளிம்பில் சொருகிக்கொள்வார். அந்தப் பழக்கம் இங்கேயும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கயிறு இல்லை, காற்று இல்லை, ஆனாலும் கை தானாக ஒரு துணியை எடுத்துச் சொருகிக்கொள்ளும்.

அப்படிச் சொருகிய ஒன்றுதான் மிச்சம். தட்டில் இருந்தது முப்பத்தாறு என்றால், முப்பத்தைந்து கண்ணாடியைத்தான் துடைத்திருக்கிறார். ஒன்று விட்டுப்போயிருக்கிறது. தட்டில் முப்பத்தேழு இருந்திருந்தால் பிழை இல்லை.

அவர் இப்போது வேலை பார்க்கும் கட்டடத்தின் நடுவே ஏழு மாடி உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய் நிற்கிறது. உள்ளிருந்த காற்றை மூன்று நாளாக உறிஞ்சி எடுத்திருந்தார்கள். அடியில் ஒரு கூடம். அதன் தரையில் வரிசைக்கு ஆறாக ஆறு வரிசை லேசர். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு கண்ணாடி, மல்லாந்து படுத்தபடி. முப்பத்தாறு வெளிச்சமும் ஒன்றாய்ச் சேர்ந்து குழாய்க்குள் ஏறி, அங்கே காத்திருக்கும் ஒரு பாயை உச்சியில் கட்டிய வலைவரை தள்ள வேண்டும். படகுக்குக் கட்டும் பாய் போலத்தான், காற்றுக்குப் பதிலாக வெளிச்சம் தள்ளும் பாய். ஒரு கைக்குட்டை அகலம்தான். கனம் என்று சொல்ல எதுவுமே கிடையாது. பிற்காலத்தில் அப்படி ஒரு பாயில் நகத்தளவு கருவி ஒன்றைப் பொருத்தி, வானத்தில் விரித்துவிட்டு, தரையிலிருந்தே லேசரால் தள்ளி, பக்கத்து நட்சத்திரத்துக்கு அனுப்புவார்களாம். போய்ச் சேர இருபது வருஷம். அது அனுப்பும் சேதி வந்து சேர இன்னும் நாலு வருஷம்.

முதன்முதலில் இதைக் கேட்டபோது அவருடைய சகலைதான் வாயைக் கொடுத்தான். சகலை என்றால் கண்ணாடிக்காரரின் மச்சினியைக் கட்டியவன். இங்கே சாமான் அறையில் துணியும் ஸ்பிரிட்டும் எண்ணிக் கொடுப்பது அவன் வேலை.

"வெளிச்சம் தள்ளுமா மேடம்? நான் தினம் வெயில்ல நிக்கிறேன், ஒரு நாளும் கீழ விழுந்ததில்லையே!"

"தள்ளத்தான் செய்யுது. நீங்க கொஞ்சம் கனம்," என்றாள் மேடம். அவள் இந்தப் பாயைச் செய்த பொறியாளர். கண்ணாடிக்காரரின் மூத்த மகள் வயதுதான் இருக்கும். ஏழு வருஷமாக இதே வேலை. மூன்று பாய் செய்தாள். முதலாவது பாதிக் குழாயில் கிழிந்தது, ஏன் என்று இன்றுவரை தெரியாது. இரண்டாவது கிழிந்ததற்குக் காரணம் தெரியும். ஒரு கண்ணாடியில் விரல் பட்ட இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. வெளிச்சம் பட்டு அந்த இடம் கொதித்து, கண்ணாடி தெறித்து, ஒரு பக்கம் தள்ளு குறைந்து, பாய் சாய்ந்து, குழாய்ச் சுவரில் உரசிவிட்டது. அந்தக் கண்ணாடியைத் துடைத்தவர் அடுத்த நாள் வேலையில் இல்லை. அந்த இடத்துக்கு வந்தவர்தான் கண்ணாடிக்காரர்.

இப்போது குழாய்க்குள் இருப்பது மூன்றாவது, கடைசி. மத்தியானம் இரண்டு மணிக்கு அதைத் தள்ளப் போகிறார்கள். அதற்கு வேண்டிய மின்சாரத்தை மின் நிலையம் இரண்டிலிருந்து மூன்று வரைதான் தரும். விட்டால் ஐந்து மாதம் கழித்துத்தான். பாய் விநாடிக்கு நூறு மீட்டர் என்ற வேகத்தைத் தொட்டால் அடுத்த பெரிய குழாய்க்கு மேலிடம் சம்மதிக்கும். தொடாவிட்டால் என்ன செய்யும் என்று மேலிடம் சொல்லவில்லை. சொல்லாததுதான் பயம்.

சகலை உள்ளே வந்தான்.

"என்ன சகலை, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க? பேன்ட்டை முழுசா போடுங்க, பாக்க சகிக்கல."

"நீ இன்னைக்கு எத்தனை துணி வெச்ச?"

"முப்பத்தாறு."

"நல்லா எண்ணினியா?"

"எண்ணாம? நான் என்ன பள்ளிக்கூடம் போகாதவனா?"

"போனவன்தானே அன்னைக்குப் பதினோரு கையுறைய ஆறு ஜோடின்னு குடுத்த."

"அது வேற விஷயம். ஒண்ணு எவன் கையிலயோ இருந்துச்சு." சகலையின் பார்வை துணியில் விழுந்தது. முகம் சுருங்கியது. "இது எங்க இருந்து வந்துச்சு?"

கண்ணாடிக்காரர் சொன்னார். சகலை பக்கத்தில் உட்கார்ந்தான்.

"காய்ஞ்ச துணி சகலை. புதுசா கல்யாணம் ஆனதுங்க மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். ரெண்டை ஒண்ணா எண்ணியிருக்கலாம்."

"அப்போ முப்பத்தேழு வெச்சிருக்க."

"வெச்சிருக்கலாம்."

"முப்பத்தாறும் வெச்சிருக்கலாம்."

"அதுவும் வெச்சிருக்கலாம்."

"ஏதாவது ஒண்ணைச் சொல்லுய்யா!"

"எதைச் சொன்னா நம்ம ரெண்டு பேர் வேலையும் தங்கும்னு யோசிக்கிறேன், இருங்க." கையுறை விஷயத்தில் அவனுக்கு ஏற்கெனவே ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. குரலைத் தாழ்த்தினான். "துணிதானே சகலை? மூக்கைச் சிந்தித் தூக்கிப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க. பாத்தவன் யாரு?"

"நான் பாத்தேனே."

போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால் தீர்ந்தது என்று தோன்றும். அதுதான் முடியாது. துடைத்த பிறகு லேசர் ஓடி முடியும்வரை கூடத்துக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. ஆள் நடந்தால் தூசி எழும்பும். எழும்பிய தூசி மல்லாந்து கிடக்கும் முப்பத்தாறு கண்ணாடியிலும் உட்காரும். ஒன்றைப் பார்க்கப் போய் எல்லாவற்றையும் கெடுத்த கதை. மறுபடி துடைக்க ஆறு மணி நேரம் வேண்டும். இருப்பது மூன்று மணி நேரம்கூட இல்லை. கேமராவில் கண்ணாடி தெரியும், பிசுக்கு தெரியாது. விளக்கைச் சரித்துப் பிடித்து, பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அது கண்ணுக்கு அகப்படும்.

"துடைச்ச துணிய எண்ணிட்டா?" என்றான் சகலை திடீரென்று.

இரண்டு பேரும் ஓடினார்கள். ஸ்பிரிட் பட்ட துணி தீப்பிடிக்கும் என்பதால் கூடையை உடனுக்குடன் பின்வாசல் இரும்புப் பீப்பாயில் கொட்டிவிடுவார்கள். பீப்பாய் அருகே குழாயக்கா உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தாள். குழாயின் அடிமூடியைத் துடைப்பவள் அவள். குரலும் ஒலிபெருக்கிக் குழாய்தான்.

"குப்பையைக் கிளறுறீங்களே, மோதிரம் ஏதும் தொலைஞ்சுதா?"

"பேசாம இருக்கா, எண்ணிக்கை போயிடும்," என்றான் சகலை.

கண்ணாடிக்காரர் ஒவ்வொன்றாய் எடுத்துத் தரையில் பரப்ப, சகலை எண்ணினான். நடுவில் ஒரு தடவை விட்டுப்போய் முதலிலிருந்து எண்ணினார்கள். மொத்தம் அறுபத்தொன்று.

"அக்கா, இதுல உன் துணி எத்தனை?"

"எனக்கு என்ன, இருபத்தஞ்சு."

கண்ணாடிக்காரர் மனசுக்குள் கழித்தார். முப்பத்தாறு. அப்பாடா என்று மூச்சு வந்தது.

"இருபத்தாறா இருக்குமோ?" என்றாள் குழாயக்கா. "ஒண்ணு கீழ விழுந்துச்சு. வேற ஒண்ணு எடுத்தேன். விழுந்ததை எடுத்து இதுல போட்டேனா, காலால ஓரமா தள்ளினேனா..."

"அக்கா, நல்லா யோசி."

"யோசிக்க யோசிக்க ரெண்டும் செஞ்ச மாதிரியே இருக்குப்பா."

வந்த மூச்சு உள்ளேயே திரும்பிப் போனது. இருபத்தைந்து என்றால் முப்பத்தாறு. இருபத்தாறு என்றால் முப்பத்தைந்து. கிளறுவதற்கு முன் குழம்பியவர்கள் இரண்டு பேர். இப்போது மூன்று பேர்.

கண்ணாடிக்காரர் சுவரோரம் போய் மனைவிக்குப் போன் போட்டார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

"காலைல நான் கதவைப் பூட்டினேனா?"

"எதுக்குப் பூட்டணும்? நான்தான் உள்ள இருக்கேனே! என்னை வெச்சுப் பூட்டிட்டா போவீங்க?"

"இல்ல, பூட்டினேனான்னு..."

"உங்களுக்கு என்ன ஆச்சு? சாப்பிட்டீங்களா?"

அதையும் அவர் யோசித்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

தினமும் செய்கிற காரியம். முப்பத்தாறு தடவை அதே குனிவு, அதே இழுப்பு, அதே நிமிர்வு. ஒன்றை மட்டும் தனியே பிடுங்கி எடுத்து, இதைச் செய்தாயா என்று கேட்டால் எந்தக் கையால் பதில் சொல்வது? கயிற்றில் தொங்கிய காலத்தில் விட்ட ஜன்னல் கீழே இருந்து பார்த்தாலே பல்லை இளிக்கும். இங்கே அழுக்கும் தெரியாது, சுத்தமும் தெரியாது, தள்ளப் போகும் வெளிச்சத்துக்கும் கனமில்லை, போகப் போகும் பாய்க்கும் கனமில்லை. கனம் முழுக்கத் தன் தலையில்தான் இருக்கிறதோ என்று நினைத்தார்.

சொல்லாமல் இருந்து கண்ணாடி தெறித்தால் அவளுடைய கடைசிப் பாய் போய்விடும். சொன்ன பிறகு அது சுத்தமாக இருந்ததாகத் தெரிந்தால் அவளுடைய இந்த நாள் வீணாகிவிடும். எந்தப் பக்கம் போனாலும் முட்டியது.

மணி பன்னிரண்டே முக்காலுக்கு மேடம் இருந்த அறைக் கதவைத் தட்டினார். சகலை பின்னாலேயே வந்து, உள்ளே வராமல் கதவுக்கு வெளியே நின்றுகொண்டான்.

"மேடம், ஒரு கண்ணாடியைத் துடைக்காம விட்டிருக்கலாம்."

திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். "விட்டுட்டீங்களா?"

"தெரியல மேடம்."

"அப்போ துடைச்சீங்களா?"

"அதுவும் தெரியல."

அவள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தாள். "ஐயா, மணி ஒண்ணாகப் போகுது. விளையாடாதீங்க."

அவர் துணியை மேசைமேல் வைத்து, மணிக்கட்டில் தொடங்கிப் பீப்பாய்வரை சொன்னார். முடிந்ததும் அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று கண்ணாடிக்காரருக்குப் பயம். கையை எடுத்தபோது கண்ணில் தண்ணீர் இல்லை.

"நிறுத்தினா அஞ்சு மாசம். அதுவரை இந்த வேலைய வெச்சிருப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. சரி, விட்டிருந்தா எதை விட்டிருப்பீங்க?"

"இருபத்திரண்டு முடிச்சேன், அது நல்லா நினைவிருக்கு. அப்போ சகலை ஒலிபெருக்கியில கூப்பிட்டான்."

"என்ன கேட்டார்?"

"ஸ்பிரிட் போதுமான்னு கேட்டான். போதும்னேன். அப்புறம்..." கண்ணாடிக்காரர் கதவுப் பக்கம் பார்த்தார். "சாயந்தரம் மச்சினியைக் கூட்டிட்டு வீட்டுக்கு வரட்டுமான்னு கேட்டான். வான்னேன். பேசி முடிச்சப்ப இருபத்திமூணு முன்னால நிக்கிறேன். துடைக்க நின்னேனா, துடைச்சுட்டு நின்னேனா, அதுதான் மேடம்..."

கதவுக்கு வெளியே சகலை தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அவள் ஒரு தாளில் ஆறுக்கு ஆறு கட்டம் போட்டாள். இருபத்திமூன்றைச் சுழித்தாள். பேனாவை நடுவில் வைத்து, நேர் எதிர்ப்பக்கம் அதே தூரத்தில் இன்னொன்றைச் சுழித்தாள். பதினாலு.

"இதை அணைச்சா ஒரு பக்கம் தள்ளு குறையும், பாய் சாயும். எதிர்ல இருக்கறதையும் சேர்த்து அணைச்சா சாயாது. முப்பத்திநாலை வெச்சுத் தள்ளலாம்." அவருக்குச் சொல்கிறாளா தனக்கே சொல்லிக்கொள்கிறாளா என்று தெரியவில்லை. "வேகம் குறையும். நூறு வராது."

"வராதா?"

"வராது."

"இருபத்திமூணு சுத்தமா இருந்தா?"

"சும்மா குறைச்சதா ஆகும்."

"அப்போ எதுக்கு மேடம்..."

"நீங்கதானே வந்து சொன்னீங்க!" என்று வெடித்தாள். பிறகு தாளை இழுத்து மறுபடி கணக்குப் போட்டாள். ஏழு நிமிஷம் போயிருக்கும். இருபத்திமூன்றையும் பதினாலையும் அணைக்கச் சொல்லிப் போனில் பேசினாள்.

இரண்டு மணிக்குச் சகலைகள் இருவரும் பின்சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றார்கள். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை, இருக்கச் சொல்லியும் சொல்லவில்லை. பத்து, ஒன்பது என்று எண்ணிக்கை ஓடியது. தரை லேசாக அதிர்ந்தது. திரையில் ஒரு கோடு சரசரவென்று ஏறி, உச்சியில் நின்றது. அவ்வளவுதான். தும்மல் போடும் நேரம்கூட இல்லை.

"கிழிஞ்சிடுச்சா?" என்று காதைக் கடித்தான் சகலை.

மேடம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "முழுசா போச்சு," என்றாள். "மேல வலைக்குள்ள முழுசா இருக்கு!" கை தட்டினார்கள். சகலை பலமாகத் தட்டினான். பிறகு திரையின் மூலையில் எண் வந்தது. தொண்ணூற்றேழு. அவள் மெதுவாக உட்கார்ந்தாள். கை தட்டல் ஒவ்வொருவராக ஓய்ந்து, கடைசியில் சகலை மட்டும் தட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடிக்காரர் அவன் கையைப் பிடித்து இறக்கினார்.

கூடத்தைத் திறக்கலாம் என்று சொன்னதும் அவர் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்தார். வெளிச்சம் ஓடிய முப்பத்திநாலில் ஒன்றிலும் கருகல் இல்லை, விரிசல் இல்லை. மிச்சம் அணைத்து வைத்த இரண்டு. பதினாலைத் துடைத்தது அவருக்கு நிச்சயம். சகலை கூப்பிடுவதற்கு வெகு முன்னால். விளக்கைச் சரித்துப் பதினாலைப் பார்த்தார். எழுந்து போய் இருபத்திமூன்றைப் பார்த்தார். திரும்பப் பதினாலு. திரும்ப இருபத்திமூன்று. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. பிசுக்கின் நிழல்கூட இல்லை.

"துடைச்சிருக்கீங்க சகலை!" என்று சகலை துள்ளினான். "ஒண்ணையும் விடல நீங்க! நான் அப்பவே..." துள்ளல் பாதியில் நின்றது. "அப்படின்னா முப்பத்தேழு வெச்சது நானா?"

"நீதான்."

சகலை திருதிருவென்று விழித்தான். சந்தோஷப்படுவதா, ஒளிந்துகொள்வதா என்று தெரியாத முகம்.

கண்ணாடிக்காரர் நேராக மேடத்திடம் போய், "பாத்தேன் மேடம். இருபத்திமூணு சுத்தம்," என்றார்.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "அப்போ எதுக்குங்க வந்து சொன்னீங்க?"

"விட்டுட்டேன்னு நான் சொல்லலியே மேடம். தெரியலன்னுதானே சொன்னேன்."

"தெரியலன்னா..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"நான்தான் மேடம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "ரெண்டை ஒண்ணா எண்ணிட்டேன். ஒட்டிக்கிச்சு." அத்தனை நேரம் ஒளிய இடம் தேடியவன் தானாக வந்து நின்றதில் கண்ணாடிக்காரருக்கே ஆச்சரியம்.

மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று இரண்டு பேரும் தலையைக் குனிந்தார்கள். "வாங்க," என்று முன்னால் நடந்தாள்.

ஏழாவது மாடியில், குழாயின் உச்சியில் ஒரு வட்டக் கண்ணாடிக் கதவு இருந்தது. உள்ளே மெல்லிய வலை. மூன்று தலைகளும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தன.

"தெரியுதா?"

"வலைதான் தெரியுது," என்றான் சகலை.

அவள் சிறுவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்து மெதுவாக நகர்த்தினாள். வலையின்மேல் ஓர் இடத்தில், சோப்பு நுரையில் ஓடுவது போல ஒரு நிறம் ஓடி மறைந்தது. எட்டு மாதமாக அதற்காகத்தான் துடைக்கிறார். இன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். பார்த்தாரா என்பதும் உறுதியில்லை.

"முப்பத்தாறும் ஓடியிருந்தா நூறு வந்திருக்குமா மேடம்?"

"வந்திருக்கும். இல்லன்னா முதல் பாய் மாதிரி கிழிஞ்சிருக்கும். அதுல எல்லாக் கண்ணாடியும் சுத்தமாத்தான் இருந்துச்சு, முழு பலத்துல தள்ளினோம், கிழிஞ்சுது. இன்னைக்குக் கிழியாம இருந்தது குறைச்சதாலயா, சும்மாவே கிழியாம இருந்திருக்குமா..." உதட்டைப் பிதுக்கினாள். "தொண்ணூத்தேழுன்னு எழுதி அனுப்பறேன். அஞ்சு மாசம் கழிச்சு இன்னொரு மணி நேரம் கேக்கறேன். குடுத்தா இதே பாயை முப்பத்தாறு வெச்சுத் தள்ளிப் பாக்கலாம்."

"கிழிஞ்சிட்டா?"

"அப்போ தெரிஞ்சிடும், குறைச்சதாலதான் பிழைச்சுதுன்னு."

"தெரியும், ஆனா பாய் போயிடுமே மேடம்."

அவள் விளக்கை அணைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "அதான். நீங்க சொல்லுங்க. தள்ளலாமா, வேணாமா?"

இத்தனை வருஷத்தில் எந்த வேலையிலும் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. இங்கே துடை, அங்கே துடை, சீக்கிரம் துடை. அதற்கு மேல் ஒரு பேச்சு இருந்ததில்லை. சகலை முழங்கையால் இடித்தான். கண்ணாடிக்காரர் தள்ளலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வேண்டாம் என்பதுதான் வரும்போல இருந்தது.

"நாளைக்கு வந்து சொல்றேன் மேடம்," என்றார்.